மைக்கேல் பாரடேயும் அவர் வார்த்த கண்ணாடியும்

ஒருவன் பல ஆண்டுகள் ஒரு செயலில் உழைத்தும் எண்ணிய பயன் கைகூடாவிடின், அவ்வுழைப்பு ஆற்றிற் கரைத்த புளியாயிற்று என்று கூறுதல் உலக வழக்கு. நம் சங்கத்து உதவிப்பொருள் பெற்றுக் கற்கும் மாணவருள், தேர்வில் ஒருமுறை தவறியவர்க்கு மேலும் உதவுதல் தகுமோ என்னும் ஐயம் அன்பர் சிலரிடத்து எழுந்துள்ளது. பள்ளியில் ஆசிரியத் தொழில் பூண்டு நாள்தோறும் சிறுவரோடு பழகும் யாம் அவ்வையத்திற்கு நேரே விடை கூறப் புகுந்தோமில்லை. இங்கிலாந்து தேசத்தில் ஏழைக் கொல்லர் ஒருவரின் மகனாய்ப் பிறந்து, உலகம் போற்றும் விஞ்ஞானியாய் விளங்கிய மைக்கேல் பாரடே என்பாரின் வரலாற்றை மட்டும் ஈண்டு எடுத்துரைப்போம். பயன்படாதென்று ஒதுக்கி வைத்த ஒரு கண்ணாடித் துண்டு, பல்லாண்டு கழித்து, அதுகாறும் எவரும் அறியாத ஓர் உண்மையை உலகிற்கு உணர்த்திய செய்தி அவ்வரலாற்றின் நடுவே அமைந்துள்ளது.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள், லண்டன் நகரத்தை அடுத்த நியூயிங்டன் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பாரடே இரும்பு வேலை செய்பவர், உடல்நலம் குன்றியவர். மக்கள் நால்வர், அவருள் மைக்கேல் மூன்றாமவர். 1801-ஆம் ஆண்டில் தானிய விலை மிக ஏறியபொழுது, இச்சிறுவருக்கு ஒரு வாரத்திற்கு ஒரு ரொட்டியே கிடைத்தது என்பர். எழுத்தும் வாசிப்பும் சிறிது கணக்குமே இவர் பள்ளியிற் கற்றவை. பதின்மூன்றாம் வயதில், ரீபோ என்னும் புத்தக வியாபாரியிடம் பத்திரிகைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து வரும் பையனாக அமர்ந்தார். மறு ஆண்டில், அவரிடமே ஏழாண்டு இருந்து புத்தகம் கட்டும் தொழிலைக் கற்க உடன்பட்டார்.

கட்டுவதற்கு வந்த நூல்களின் புறத்தோடு நில்லாமல், அகத்தையும் இவர் நோக்குவாராயினர். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய பகுதியும், மார்செட் அம்மையார் எளிய நடையில் எழுதிய ரசாயன நூலும் இவர் உள்ளத்தைக் கவர்ந்தன. படித்தவற்றைச் சிறு கருவிகள் கொண்டு தாமே செய்து பார்த்தார். மாலையில் நிகழ்ந்த விஞ்ஞானச் சொற்பொழிவுகளுக்குச் செல்ல ஒரு ஷில்லிங் வேண்டியிருந்தது. கொல்லுத் தொழில் செய்து வந்த தமையனார் ராபர்ட் அதனைக் கொடுத்துதவினார். தம்பியின் கல்விக்குத் தமையனின் சம்மட்டி உதவியது என்பதை நம் குடும்பத்தார் நினைவிற் கொள்ளுதல் தகும்.

1812-ஆம் ஆண்டில், கடைக்கு வரும் ஒருவர் தந்த சீட்டுகளால், ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் கலைக்கழகத்தில் ஹம்ப்ரி டேவி நிகழ்த்திய சொற்பொழிவுகள் நான்கினைக் கேட்கும் பேறு பாரடேக்கு வாய்த்தது. கேட்டவற்றை விரித்தெழுதி, படங்களும் வரைந்து, தாமே அழகுறக் கட்டி, அப்புத்தகத்தை டேவிக்கு அனுப்பினார். கைத்தொழிலே அவருக்குப் பரிந்துரையாயிற்று. 1813-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதல் நாள், அக்கழகத்தின் ரசாயனச் சாலையில் உதவியாளராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே டேவியோடு ஐரோப்பா முழுதும் சுற்றிவரச் சென்றார். அப்பயணத்தில் பணியாளின் வேலையும் இவர் தலையில் விழுந்தது. டேவியின் மனைவியார் இவரை ஏவலாளராகவே நடத்தினார். இவரோ அவ்விழிவைப் பொறுத்துக்கொண்டு, பிரான்சிலும் இத்தாலியிலும் இருந்த பேரறிஞர்களைக் கண்டு பயன்பெற்று மீண்டார்.

1821-ஆம் ஆண்டில் சாரா பார்னார்டு என்னும் நங்கையை மணந்தார். மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்து காட்டியதும் அவ்வாண்டிலேயே. மின்சார மோட்டாருக்கு அதுவே முதல் வித்து. 1825-இல் பென்சீன் என்னும் பொருளைக் கண்டறிந்தார். ரசாயனச் சாலையின் தலைவராகவும் ஆனார்.

இனி, கண்ணாடிக் கதைக்கு வருவோம். தொலைநோக்கிக்கு வேண்டும் வில்லைகளை அக்காலத்தில் சிறப்பாகச் செய்தவர் பவேரியா நாட்டுப் பிரௌன்ஹோபர். அவற்றிற்கு நிகரான கண்ணாடியை இங்கிலாந்திலும் வார்க்க வேண்டுமென்று, அந்நாட்டு ராயல் சொசைட்டியார் பிறரோடு சேர்ந்து ஒரு குழுவை அமைத்தனர். வானநூல் வல்ல ஜான் ஹெர்ஷல், கருவி செய்வதில் தேர்ந்த ஜார்ஜ் டாலண்டு ஆகியோருடன் பாரடேயும் 1825-இல் அப்பணியில் நியமிக்கப்பெற்றார். கண்ணாடியை உருக்கி ஆக்கும் சுமை பாரடேக்கு உரியதாயிற்று. 1827-இல் ராயல் இன்ஸ்டிடியூஷனிலேயே உலை ஒன்று கட்டப்பெற்றது.

கண்ணாடி வார்ப்பதில் வந்த இடர்கள் பல. உலோகம் பிராணவாயுவோடு கூடி ஆகும் பொருளை ஆக்ஸைடு என்பர்; இரும்பின் துரு அதற்கு எளிய எடுத்துக்காட்டு. பாரடே ஈயத்தின் ஆக்ஸைடையும், மணற்சத்தையும், வெண்காரத்தினின்று பெறும் அமிலத்தையும் கலந்து உருக்கினார். ஈயம் கனமுடையதாதலின் அடியில் தங்கும், மேற்பகுதி இலேசாகும். அதனால் கண்ணாடியில் வரிகள் தோன்றும். காற்றுக் குமிழிகள் உள்ளே சிறைப்பட்டு நிற்கும். மண்ணாலான கலத்தில் உருக்கினாலோ, அக்கலமே கரைந்து கண்ணாடியைக் கெடுக்கும். ஆகவே பிளாட்டினத் தகட்டால் தட்டுகள் செய்து, அவற்றில் உருக்கிக் கிளறி, மெல்ல ஆறவிட்டார்.

உலையைக் காக்கப் பீரங்கிப் படையிற் பணிபுரிந்து ஓய்வுபெற்ற சார்ஜண்டு ஆண்டர்சன் என்பார் துணையாக வந்தார். ஒருநாள் மாலை, வீட்டிற்குப் போகலாமென்று அவரிடம் சொல்ல பாரடே மறந்துவிட்டாராம். மறுநாட் காலையில் வந்து நோக்க, ஆண்டர்சன் இரவு முழுதும் கண் துஞ்சாது உலைக்குத் தீயிட்டுக்கொண்டிருந்தாராம். அத்தகைய துணையும் அத்தகைய உழைப்பும் இருந்தும், எண்ணிய பயன் கைகூடிற்றில்லை. கண்ணாடி கனத்தது, ஒளியை மிக வளைத்தது, ஆயின் பெரிய தொலைநோக்கிகளுக்கு வேண்டும் வில்லைகளை அதனாற் செய்து குவிக்க இயலவில்லை. 1829-இல் தம் முறைகளையெல்லாம் சொசைட்டியார் முன் விரித்துரைத்தார். 1831-இல் அவ்வேலையினின்றும் விலகிக்கொண்டார். வாழ்நாளின் சிறந்த பகுதியிற் பல ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. எஞ்சியவை சில கண்ணாடித் துண்டுகளும், ஆண்டர்சன் என்னும் துணைவருமே.

கண்ணாடியை விட்ட அவ்வாண்டிலேயே, ஆகஸ்டு மாதம் 29-ஆம் நாள், பாரடேயின் பெயரை அழியாமற் செய்த கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. இரும்பு வளையம் ஒன்றின் இருபுறத்தும் செம்புக் கம்பிகளைத் தனித்தனியே சுற்றினார். ஒரு கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தும் கணத்திலும் நிறுத்தும் கணத்திலும், மற்றைக் கம்பியிலும் மின்சாரம் தோன்றி மறையக் கண்டார். இன்று அணைக்கட்டுகளிலும் அனல் நிலையங்களிலும் சுழலும் மின்னாக்கிகள் யாவும் இவ்வுண்மையின் வழிவந்தவை. இதனை எல்லாரும் அறிவர். யாம் சொல்ல விரும்புவது இதன் பின்னர் நிகழ்ந்ததொன்று.

இடையறா உழைப்பு உடலைத் தாக்கியது. 1839-ஆம் ஆண்டு தொடங்கித் தலைசுற்றலும் மறதியும் இவரை வருத்தின. சுவிட்ஸர்லாந்து சென்று ஓய்ந்திருந்தார். சில ஆண்டுகள் ஆராய்ச்சி பெரும்பாலும் நின்றுபோயிற்று. இவர் காலம் முடிந்தது என்று எண்ணியவரும் இருந்திருப்பர்.

1845-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், இருபத்தோர் வயது நிரம்பிய வில்லியம் தாம்ஸன் என்னும் இளைஞர் பாரடேக்கு ஒரு கடிதம் எழுதினார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர் இவரே. மின்சார விசைக்கு உட்பட்ட கண்ணாடி போன்ற பொருள்களின் வழியே ஒளி செல்லும்போது அதில் மாறுதல் உண்டாகுமோ என்பது அவர் வினா. பாரடே முன்னரே இதனை ஆராய்ந்து ஒன்றும் காணாதவர். எனினும் இளைஞர் வினாவை இகழாது, மீண்டும் முயலத் தொடங்கினார்.

அம்முயற்சியை அறிதற்கு ஒளியின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். ஒளி அலையாய்ச் செல்வது. நீண்ட கயிற்றின் நுனியை மேலுங்கீழும் அசைத்தால் அலை மேலுங்கீழுமாய் ஓடும். பக்கவாட்டில் அசைத்தால் பக்கவாட்டில் ஓடும். விளக்கின் ஒளியில் எல்லாப் பக்கத்து அசைவுகளும் விரவியுள்ளன. அஃது ஒரு கண்ணாடிப் பரப்பில் தக்க சாய்வில் பட்டு மீளுமாயின், ஒரு தளத்து அசைவே எஞ்சும். இதனை ஒருதள ஒளி என்போம். நிக்கல் என்பார் இயற்றிய பளிங்குக் கருவி ஒன்று உண்டு. ஒருதள ஒளியை அதன் வழியே நோக்கி, கருவியைத் திருப்பினால், ஒரு நிலையில் ஒளி முற்றும் மறைந்து இருளாகும். அவ்விருள் நீங்கி ஒளி மீண்டும் தோன்றுமாயின், இடையில் ஏதோ ஒன்று அவ்வொளியின் தளத்தைத் திருப்பிவிட்டது என்று துணியலாம்.

மின்சார விசையைக் கொண்டு செய்த சோதனைகள் யாவும் பயனின்றிப் போயின. பின்னர் பாரடே மின்காந்தத்தை எடுத்துக்கொண்டார். செப்டம்பர் மாதம் 13-ஆம் நாள், காந்தத்தின் முன் ஒவ்வொரு பொருளாக வைத்து நோக்கினார். காற்றில் மாறுதல் இல்லை. சாதாரண உயர்தரக் கண்ணாடியில் இல்லை. பளிங்கில் இல்லை. ஐஸ்லாந்து நாட்டுச் சுண்ணப் பளிங்கிலும் இல்லை. அப்போதுதான், முன்னாளில் தம் கையால் வார்த்த ஈயக் கண்ணாடியை எடுத்தார். ஏறக்குறைய இரண்டு அங்குல நீள அகலமும் அரை அங்குலக் கனமும் உடைய சிறு துண்டு அது. காந்த விசை ஒளி செல்லும் வழியோடு ஒத்துச் செல்லுமாறு அதனை வைத்து, மின்சாரத்தைச் செலுத்தினார். இருண்டிருந்த கருவியில் ஒளி தோன்றியது. மின்சாரத்தை நிறுத்தினார், ஒளி மறைந்தது. மீண்டும் செலுத்தினார், மீண்டும் தோன்றியது.

ஒளியும் காந்தமும் ஒன்றோடொன்று உறவுடையன என்று உலகம் அன்றுதான் முதன்முதல் கண்ணாரக் கண்டது. சில நாட்களுக்குள் உல்விச்சு என்னும் ஊரினின்று வலிய காந்தம் ஒன்றை இரவலாக வருவித்துச் செய்து பார்க்க, முன்னர் மாறுதல் காட்டாத வேறு பொருள்களிலும் அத்திருப்பம் புலனாயிற்று. ஆயின் வலிமை குறைந்த முதற்காந்தத்தைக் கொண்டு உண்மையைக் காட்ட வல்லதாயிருந்தது அந்தக் கனத்த கண்ணாடி ஒன்றே. தொலைநோக்கி வேலைக்கு வாய்க்காத அப்பொருள் இல்லாதிருந்தால், அன்று மாலை பாரடே வெறுங்கையோடு விளக்கை அணைத்திருப்பார்.

நவம்பர் மாதம் 4-ஆம் நாள், அதே வகைக் கண்ணாடியை நூலிற் கட்டி, வலிய காந்த முனைகளுக்கிடையே தொங்கவிட்டார். இரும்பு முனையை நோக்கி நிற்கும்; இக்கண்ணாடியோ குறுக்கே திரும்பி நின்றது. காந்தம் தன்னை விலக்கும் பொருளும் உலகில் உண்டு என்று தெளிந்தார். பின்னர், கையிற் கிடைத்த மரம், ரொட்டி, ஆப்பிள், இறைச்சி முதலிய யாவற்றையும் தொங்கவிட்டு நோக்க, மிகப்பல அவ்வாறே குறுக்கே நின்றன. இரும்பு சிறிதளவு கலந்த கண்ணாடியோ காந்தத்தால் இழுக்கப்பட்டது. சிறு கலப்பு ஒரு பொருளின் காந்த இயல்பையே மாற்றவல்லது என்பது இதனாற் புலனாயிற்று.

இக்கண்டுபிடிப்பை வெளியிட்ட கட்டுரையிலேயே, கண்ணாடி வேலைக்கென வந்த ஆண்டர்சன் அன்றுமுதல் தம்மோடிருந்து ஆற்றிய பணியை நன்றியோடு குறித்துள்ளார் பாரடே. உலைக்குத் தீயிட்டவரின் பெயர் விஞ்ஞான ஏட்டில் நின்றது. இது பாரடேயின் பெருந்தன்மைக்குச் சான்று.

பாரடேக்குக் கணித சாஸ்திரம் வராது. தாம் கண்டதைக் கோடுகளாக மனத்தில் வரைந்து காண்பவர் அவர். காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் பரந்துள்ளன என்னும் இவர் கொள்கையைக் கணிதவல்லார் பலர் மதித்திலர். ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் இளைஞர், 1850-க்குப் பின், அக்கோடுகளைக் கணிதமொழியிற் பெயர்த்தெழுதத் தலைப்பட்டார். 1857-இல் பாரடே அவருக்கு எழுதிய கடிதத்தில், கணிதத்தால் கண்ட முடிவுகளைத் தம்மைப் போன்றாரும் சோதித்துப் பார்க்குமாறு எளிய சொற்களில் கூறலாகாதோ என்று வேண்டினார். ஒளியும் மின்காந்த அலையே என்று 1865-இல் மாக்ஸ்வெல் கணிதத்தால் நிறுவிக் காட்டினார்.

இவர் பெருமைக்கு ஏற்ற பட்டங்கள் இவரை நாடிவந்தன. ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியை ஏற்க மறுத்தார். 'சர்' என்னும் பட்டத்தையும் விரும்பிலர். கிரிமியப் போரிற் பயன்படுத்த நச்சுப்புகை பற்றி ஆலோசனை கேட்டபோது, அதற்கும் உடன்பட்டிலர். கிறிஸ்துமஸ் காலத்தில் சிறுவர்க்கென நிகழ்த்திய சொற்பொழிவுகளைக் கைவிடாது நடத்தி வந்தார். ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டே ரசாயனம் முழுவதையும் அவர்க்கு விளக்கியவர் இவர்.

1862-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12-ஆம் நாள், இவர் தம் குறிப்பேட்டிற் பதிந்த இறுதிச் சோதனைகளுள் ஒன்றும் ஒளியையும் காந்தத்தையும் பற்றியதே. காந்த முனைகளுக்கிடையே சுடரை வைத்து, அதன் நிறவரிகளில் மாறுதல் உண்டோ என நோக்கினார். ஒன்றும் தோன்றவில்லை, தோன்றவில்லை என்றே எழுதி வைத்தார். முப்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 1896-இல், ஹாலந்து தேசத்து ஸீமன் என்பார், இம்முயற்சியைப் பற்றிப் படித்து ஊக்கங்கொண்டு, சிறந்த கருவியால் அதனையே செய்து, பாரடே தேடிய மாறுதலைக் கண்டார். 1902-இல் நோபல் பரிசிற் பங்கும் பெற்றார். நேர்மையாகக் குறித்து வைத்த தோல்வியும் பின்வந்தார்க்கு வழிகாட்டும் விளக்காயிற்று. 1867-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் நாள் பாரடே இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அந்தக் கண்ணாடித் துண்டின் வழித்தோன்றல்கள் இன்று எங்ஙனம் உள்ளன என்பதையும் அன்பர்கள் அறிதல் நலம். 1956-இல் பிரான்சு தேசத்தார், இட்டிரியம், இரும்பு, பிராணவாயு ஆகிய மூன்றும் சேர்ந்த ஆக்ஸைடுப் படிகம் ஒன்றை அறிந்து வெளியிட்டனர். அதில் இட்டிரியத்தின் ஒரு பகுதிக்கு ஈடாகப் பிஸ்மத் அணுக்களைக் கலந்தால், ஒளியின் தளத்தைத் திருப்பும் ஆற்றல் பன்மடங்கு பெருகுகிறது. பிஸ்மத், தனிமங்களின் வரிசையில் பாரடேயின் ஈயத்திற்கு அடுத்து நிற்பது. கண்ணாடி இழைகளின் வழியே செய்தி செல்லும் இக்காலத்தில், ஒளியை ஒரு திசையில் விட்டு, மீளும் ஒளியைத் தடுக்கும் கதவாக இத்தகைய படிகங்கள் பயன்படுகின்றன. நிறமற்ற அலுமினிய ஆக்ஸைடில் சிறிது குரோமியம் கலப்பின் செந்நிற மாணிக்கம் ஆவதும் இவ்வகையதே.

எந்த ஆக்ஸைடில் எந்த அணுவை எத்துணை கலந்தால் காந்தமும் ஒளியும் எவ்வாறு மாறும் என்பதை, உலை மூட்டுவதற்கு முன்னரே கணினியிற் கணக்கிட்டறியும் முறையும் இன்று உண்டு. 1964-இலும் 1965-இலும் வால்டர் கோன் என்பாரும் அவருடன் உழைத்தாரும் வகுத்த விதிகளே அதற்கு அடிப்படை; அவர் 1998-இல் நோபல் பரிசு பெற்றார். அணுக்கள் பலவற்றை ஒழுங்காக நிறுத்தி, ஒன்றை மட்டும் மாற்றி, அவற்றைச் சூழ்ந்த எலக்ட்ரான்கள் எவ்வெவ்விடத்தில் எவ்வளவு அடர்ந்துள்ளன என்று கணக்கிடுவர். அதினின்றும் காந்த ஆற்றலையும் நிறத்தையும் உய்த்துணர்வர். எனினும் கணக்கு ஒன்றே போதுமானதன்று. துத்தநாக ஆக்ஸைடில் மாங்கனீஸைக் கலந்து, அதன் மின்னோட்ட இயல்பையும் தக்கவாறு அமைத்தால், சாதாரண வெப்பநிலையிலும் அது காந்தமாகும் என்று 2000-ஆம் ஆண்டில் ஒரு கணிப்பு வெளிவந்தது. அதனைக் கேட்டுப் பலர் செய்து பார்த்தனர். சிலர்க்குக் காந்தம் தோன்றியது, சிலர்க்குத் தோன்றவில்லை, தோன்றிய சிலவும் கலப்பணுக்கள் ஓரிடத்தே திரண்டதனால் வந்தவை என்று பின்னர் அறியப்பட்டது. கணக்கு வழிகாட்டும், உலையும் கண்ணுமே தீர்ப்புக் கூறும். பாரடே மாக்ஸ்வெல்லை வேண்டிக்கொண்டதன் பொருள் இன்றும் தேய்ந்திலது.

அன்பர்களே! 1831-ஆம் ஆண்டில் எவரேனும் பாரடேயின் கணக்கைப் பார்த்திருந்தால், கண்ணாடிக்குச் செலவிட்ட ஆண்டுகளை நட்டத்திலேயே எழுதியிருப்பர். 1845-இல் அந்நட்டமே பெருமுதலாய் நின்றது. அதற்குக் காரணம் இரண்டு. செய்த வேலையைப் பாரடே செம்மையாகச் செய்திருந்தார். கைகூடாத துண்டையும் எறிந்துவிடாமல் வைத்திருந்தார். தேர்வில் தவறிய பிள்ளை எதற்கும் ஆகான் என்று தெருவில் விடுவோமாயின், அவன் பிற்காலத்தில் எதற்கு ஆவான் என்பதை அறியும் வாய்ப்பையும் நாம் அதனோடே எறிந்தவராவோம். உழைக்க மறுத்தவன் வேறு. உழைத்தும் தவறியவன் வேறு. இவ்விருவரையும் பிரித்தறிந்த பின்னரே சங்கத்தார் தம் முடிவைக் கூறுவாராக.